ட எழுத்து தலைகீழான கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது 15 வேலம்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். நிட்டிங் மிஷின்களின் சர்க்யூட் போர்டு ரிப்பேர்தான் தொழில். பெயர் போடவில்லை. அவனுக்கு விருப்பமிருந்தால் கீழே அவனே வந்து பேசட்டும்.

தை மாதம் வீட்டுக்கு வந்தபோது கையில் பழைய மிஷின் ஒன்றின் பொத்தான் பலகை இருந்தது. "டீச்சர், இந்தப் பலகை இப்ப எங்கயும் கிடைக்கிறதில்லீங்க. ரப்பர் நல்லாத்தான் இருக்கு. அடியில போர்டுதான் போயிருச்சு. புதுசா நானே வரையலாம்னு இருக்கேனுங்க" என்றான்.

டிவி ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரப்பர் பொத்தானின் அடியில் கறுப்பாகக் கரி ஒட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே போர்டில் இரண்டு சீப்புகளை எதிரெதிரே கோத்த மாதிரி செம்புக் கோடுகள் இருக்கும். சீப்புகள் ஒன்றையொன்று தொடாது. பொத்தானை அமுக்கினால் கரி இரண்டையும் சேர்த்துத் தொடும், மின்சாரம் பாயும். அவ்வளவுதான் சங்கதி. பஞ்சுத் தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தச் செம்பை அரித்துவிட்டிருந்தன.

போர்டு வரைய அவன் வைத்திருப்பது கீகேட் என்ற இலவச மென்பொருள். அதைத் தொடங்கியவர் ஃபிரான்சில் க்ரெனோபிள் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்திய ழான்-பியர் ஷராஸ் என்றும், ஆண்டு 1992 என்றும் சொன்னான். ஒரு வாத்தியார் செய்தது என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது!

போர்டில் பாகங்கள் உட்காரும் செம்புத் திட்டுக்குப் 'பேட்' என்று பெயர். வட்டம், சதுரம், நீள்வட்டம் எல்லாம் மென்பொருளிலேயே தயாராக இருக்கும். நமக்கு வேண்டிய வடிவத்தில் பேட் வரையும் வசதி 2018-ல் வந்த 5-ஆம் பதிப்பில் சேர்ந்ததாம். முதலில் சின்னதாக ஒரு பேட் வைக்க வேண்டும். அதுதான் நங்கூரம். அதன்மேல் மூலைப்புள்ளிகளைக் கொடுத்து வடிவத்தை வரைந்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும். பொத்தான் பேட் என்றால் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பச்சைப் பூச்சு அதன்மேல் படியக் கூடாது. ஈயப் பசை தடவும் அடுக்கையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே எதையும் பற்றவைக்கப் போவதில்லை. செம்பு கறுக்காமலிருக்க மெல்லிய தங்கப் பூச்சும் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற பொத்தான்களில் கரி வட்டமாக இருந்தது. 'நிறுத்து' பொத்தானில் மட்டும் ஒரு மூலையில் ரப்பருக்கு முட்டுக் கொடுத்திருந்ததால், கரி அதை விட்டு விலகி ட எழுத்து மாதிரி இருந்தது. அந்த இடத்தில் போர்டில் செம்பு முழுக்க அரித்துப்போய் அச்சே தெரியவில்லை. "இதை எப்படி டீச்சர் அளக்கிறது?" என்றான்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேரனுடைய வரைபடத்தாளை எடுத்தேன். கரியில் ஸ்டாம்ப் பேட் மையைத் தொட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போலத் தாளில் குத்தினேன். "ரப்பரைத் திருப்பிப் பார்த்து அளந்தா கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம் வலம் மாறிரும். குத்தி எடுத்தா போர்டுல எப்படி விழுமோ அப்படியே விழும்" என்று பாடமும் நடத்தினேன். பிறகு மில்லிமீட்டரில் ஆறு புள்ளிகளை எழுதிக் கொடுத்தேன்: (0,0), (7,0), (7,2.5), (2.5,2.5), (2.5,6), (0,6). நீங்களும் வரைந்து பாருங்கள், அழகான ட வரும்.

அவன் அப்படியே கணினியில் ஏற்றி, அதற்குள் சீப்புப் பற்களை வரைந்து, பத்துப் போர்டு போடக் கொடுத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்துச் சாயங்காலமாக வந்தான். முகம் சரியில்லை. போர்டு மாட்டியிருந்த மிஷினில் துணியில் ஊசிக்கோடு விழுந்திருக்கிறது. ஓட்டுகிற தம்பி நிறுத்து பொத்தானை அமுக்கினால் மிஷின் நிற்கவில்லை. மறுபடி அமுக்கியும் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த சிவப்பு எமர்ஜென்சி பொத்தானைத் தட்டி நிறுத்தியிருக்கிறான். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுத்தி அமுக்கினால் வேலை செய்கிறது, லேசாகத் தொட்டால் செய்வதில்லை.

போர்டைப் பார்த்தேன். என் ட தலைகீழாகக் கிடந்தது! கீழே இருக்க வேண்டிய படுக்கைக்கோடு மேலே இருந்தது. கரி பாதி இடத்தில்தான் பட்டிருக்கிறது.

பள்ளிக்கூட வரைபடத்தில் ஒய் அச்சு மேலே போகப் போகக் கூடும். கணினித் திரையில் பெரும்பாலும் கீழே போகப் போகத்தான் கூடும். பழைய டிவி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்த பழக்கம் அது. கீகேட்டும் அப்படித்தான் வருகிறது. வேண்டுமானால் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அது தெரியாது. ரப்பரிலிருந்து வரக்கூடிய தப்பை அத்தனை கவனமாகத் தவிர்த்துவிட்டு, புள்ளியில் கோட்டை விட்டேன். சுழற்றியும் சரிசெய்ய முடியாது. இடது கையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வலது கை ஆகாதல்லவா?

"திரையில தலைகீழாத் தெரிஞ்சிருக்குமே கண்ணு, நீ பாக்கலையா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பாத்தேனுங்க டீச்சர். கண்ணாடி மாதிரி மாறும்னு நீங்க சொன்னீங்களே, அதுல சேர்த்தியா இருக்கும்னு விட்டுட்டேன். நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு கேக்கலீங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்டுக் காசைக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். காசு போனால் போகட்டும். நாற்பது வயதுக்காரன், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், கண்ணால் பார்த்த தப்பை என்னிடம் கேட்கப் பயந்திருக்கிறான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? "வாயை மூடு, சொன்னதைச் செய்" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன். ஆசிரியர் பயிற்சியில் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வையுங்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

ஒய் எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டதும் ட நிமிர்ந்துவிட்டது. இந்த முறை அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் அதே அளவில் அச்செடுத்து, மேலே ரப்பரை வைத்துப் பார்த்த பிறகுதான் போர்டுக்குக் கொடுத்தான். இப்போது விரல் பட்டாலே மிஷின் நிற்கிறதாம்.

பிள்ளைகளே, ஒன்று கேட்கிறேன். வகுப்பில் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தும் பயந்து பேசாமல் இருந்தது ஏதாவது ஞாபகமிருந்தால் கீழே எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளை "இது தப்பாச்சே" என்று சொன்னால் அதட்டாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்