களஞ்சியக் காவல்

கணக்கேட்டை எழுதுகின்றவர் பிழைவிட்டால் ஏட்டைப் பார்த்துத் திருத்தலாம். ஏட்டைக் காக்கின்றவரே பிழைவிட்டால் எதைப் பார்த்துத் திருத்துவது? கணனிச் செய்நிரல்களை எழுதுவோரையும் இவ்வினா விட்டபாடில்லை. பலர் கூடி ஒரு செய்நிரலை ஆக்கும்பொழுது எந்த வரியை யார், எப்போது, என்ன காரணத்தால் மாற்றினர் என்பதைப் பதிந்து வைப்பதற்கெனத் தோன்றியவையே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகள். 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொக்கைண்ட் ஆக்கியது அவற்றுள் முன்னோடி. 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிச்சி ஆக்கிய ஆர்.சி.எஸ்., அதன்மேல் எழுந்த சி.வி.எஸ். ஆகியன பின்வந்தவை.

சி.வி.எஸ். களஞ்சியத்தில் ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஒரு வரலாற்றுக் கோப்பு உண்டு. அண்மைப் பதிப்பு அதில் முழுமையாக இருக்கும். முந்தியவை அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளாக இருக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பே. எவரும் வாசிக்கலாம் என்பது அதன் நற்குணம். திறந்து திருத்தவும் எளிது என்பது அதன் அபாயம்.

பரிபாலனத்துக்குப் புதிதாக வருவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். வரலாற்றுக் கோப்பு வாசிப்புக்கு மட்டும் உரியதெனக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு நிம்மதி கொள்கின்றனர். யுனிக்ஸின் விதியோ வேறு. ஒரு கோப்பை நீக்கி அதனிடத்தில் வேறொன்றை வைப்பதற்குப் பொதுவாக அக்கோப்பின்மீது உரிமை வேண்டியதில்லை. அது கிடக்கும் அடைவில் எழுதும் உரிமை இருந்தாற் போதும். சி.வி.எஸ். தானும் அவ்வாறே புதிய கோப்பை ஆக்கிப் பழையதன் இடத்தில் வைக்கின்றது. பெட்டியைப் பூட்டிவிட்டு, பெட்டியையே தூக்கிச் செல்லக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

வரலாற்றிலிருந்து குறித்த பதிப்புகளை அடியோடு அகற்றும் பரிபாலனக் கட்டளையும் சி.வி.எஸ்.இல் உண்டு. அகற்றியதை மீட்கக் காப்புப்பிரதியை விட வேறு வழியில்லை. யுனிக்ஸ் இயந்திரத்தில் இதற்கென ஒதுக்கிய பெயருடைய பயனர் குழு இருந்தால், அதன் உறுப்பினர் மட்டுமே அக்கட்டளையை இயக்கலாம். அத்தகைய குழுவே இல்லையெனில் எவரும் இயக்கலாம்! விதியை நேர்மாறாக வகுத்திருக்கவேண்டும் என்று எண்ணாத பரிபாலகர் அரியர்.

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கே ஓர் ஆபத்து வந்தது. அதன் மூலக் களஞ்சியம் அப்பொழுது பிட்கீப்பர் என்னும் முறைமையில் இருந்தது. அதனை விரும்பாதோருக்காக சி.வி.எஸ். பிரதியொன்றும் பேணப்பட்டது. யாரோ ஒருவர் அப்பிரதியில் இரண்டு வரிகளை நேரே சேர்த்துவிட்டார். பார்வைக்கு அது, அழைப்பவரின் அடையாள எண் பூச்சியமா என்று வினவும் சாதாரண சோதனை. சி மொழியில் அவ்வாறு வினவ இரண்டு சமக்குறிகள் வேண்டும்; அங்கிருந்தது ஒன்றே. ஒன்று மட்டும் இருந்தால் அது வினா அன்று, எண்ணைப் பூச்சியமாக்கும் ஆணை. யுனிக்ஸில் பூச்சியம் சர்வ அதிகாரமும் படைத்த பயனரின் எண். அசாதாரணமான இரு தெரிவுகளைச் சேர்த்து அழைக்கத் தெரிந்தவன் இயந்திரத்துக்கே அதிபதியாகியிருப்பான்.

அதனைக் காட்டிக்கொடுத்தது எந்த மேதையின் கூரிய கண்ணும் அன்று. இரு களஞ்சியங்களும் ஒத்துள்ளனவா எனப் பார்க்கும் சலிப்பூட்டும் வழமையான சரிபார்ப்பு, ஒரு கோப்பு ஒவ்வாதிருப்பதைக் கண்டது. அம்மாற்றத்துக்கு மூலக் களஞ்சியத்தில் பதிவே இல்லை.

2005 ஏப்ரலில் லினஸ் தோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட், இவ்வொப்புநோக்கலை ஏட்டின் அமைப்பிலேயே புகுத்தியது. ஒவ்வொரு பதிவின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்திய பதிவின் பெயரிலிருந்தும் கணிக்கப்படுகின்றது. பழைய வரியொன்று மாறினால் பின்வந்த பெயர்கள் யாவும் மாறும். ஆயினும் மாற்றி எழுதிய வரலாற்றை வலிந்து ஏற்றும் கட்டளை கிட்டிலும் உண்டு. அதனை யாருக்கு மறுப்பது என்பதைப் பரிபாலகரே தீர்மானிக்கவேண்டியுள்ளது.

2003இல் அவ்விரு வரிகளைச் சேர்த்தவர் யாரென்பது இன்றுவரை பகிரங்கமாகவில்லை.