காதுக்குள் ஓடிய தறி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தைத் தறி நிறைத்திருந்தது. தறி போக மிஞ்சிய இடத்தில் நாங்கள் வாழ்ந்தோம். 1978-ஆம் ஆண்டு கார்த்திகையில் அப்பாவின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. இரண்டு மாதம் நாள்தோறும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, உடன் மாத்திரைகள். ஊசி நின்ற பின்னும் ஓராண்டுக்கு மேல் மாத்திரை. காலையில் நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார். இடுப்பைத் தடவிவிட்டுக்கொண்டே தறிக்குழியில் இறங்குவார்.

அவர் வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பெற முடிந்ததற்குச் சென்னைக்கு நன்றி சொல்ல வேண்டும். காசநோயாளியை ஊருக்கு வெளியே, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைக்க வேண்டும் என்பதே முன்பு வழக்கம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையம், வீட்டில் மருந்துண்ட ஏழைகளும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப்போலவே குணமடைகிறார்கள் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. ஒழுங்காக மருந்து உட்கொண்டால் வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்பதும் அங்கேயே தெளிவாயிற்று. சானடோரியத்துக்குப் போயிருந்தால் எங்கள் தறி நின்றிருக்கும், அடுப்பும் நின்றிருக்கும்.

ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் அதைப் பிரித்தெடுத்தார். 1952-இல் நோபல் பரிசு ஆசிரியருக்கு மட்டும் போயிற்று; அந்த வருத்தம் தனிக்கதை. காசநோயை வென்ற முதல் மருந்து அதுதான். ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். ஆகவேதான் துணைக்கு வேறு மருந்துகள்.

ஐந்தாம் வாரம் இரவில் அப்பா அம்மாவிடம், "காதுக்குள்ளே தறி ஓடுது" என்றார். பகலெல்லாம் தறியோசையில் இருப்பவர்தானே என்று நாங்கள் சிரித்தோம். அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் ஒருவர் பாதியில் ஊசியை நிறுத்திவிட்டு மீண்டும் இரத்தம் கக்கியதை அவர் பார்த்திருந்தார். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு.

பிறகு நடை தள்ளாடத் தொடங்கியது. பகலில் அவ்வளவாகத் தெரியாது; விளக்கு வைக்கும் நேரத்தில் குழியிலிருந்து ஏறும்போது சுவரைப் பிடிப்பார். ஒருநாள் இருட்டில் தெருவில் விழுந்தார். கள்ளுண்டவரைப்போலத் தள்ளாடுகிறார் என்று பேச்சு பரவியது. வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ள வரும் பையன்கூட இரண்டு நாள் வரவில்லை. அம்மா அழுதுகொண்டே மருத்துவரிடம் போனார். மருத்துவர் அப்பாவைக் கண்களை மூடி நிற்கச் சொன்னார், அப்பா சரிந்தார். அன்றே ஊசியை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்தார்.

உட்காதில் மென்மையான மயிர்க்கலங்கள் உண்டு. கேட்பதற்கும் உடலை நிலையாக நிறுத்துவதற்கும் அவையே ஆதாரம். இம்மருந்து அவற்றை அழிக்கக்கூடும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. நிலை தவறியவருக்குக் கண்ணே ஊன்றுகோல். அதனால்தான் இருட்டில் விழுகிறார். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடத்தும் முதியோரிடத்தும் அது உடலில் தேங்கி மேலும் கெடுதல் செய்யும். கருவுற்ற பெண்ணுக்குப் போட்டால் வயிற்றுப் பிள்ளையின் செவியும் பாதிக்கப்படலாம். தாய்வழியாக வரும் ஒருவகை மரபுக்கூறு உள்ள குடும்பங்களில் சிறிதளவே செவிட்டுக்குப் போதும். "எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஊசியால் காது போயிற்று" என்று முன்கூட்டியே சொல்வது அங்கே உயிர்போன்ற செய்தி.

காசநோய்க்கு இப்போது பெரும்பாலும் மாத்திரைகளே போதும். இரண்டாம் முறை நோய் கண்டவர்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்துத் தரும் பழைய முறையைக் கைவிடும்படி உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் அறிவுறுத்தியது. எனினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள் கடும் தொற்றுகளில் இன்றும் உயிர் காக்கின்றன. பச்சிளம் குழந்தைக்கும் போடுகிறார்கள். அஞ்சி மறுப்பது தவறு. மருத்துவர் எழுதாமல் போட்டுக்கொள்வதும் தவறு. நாள் நீண்டால் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கிறார்களா, செவியைச் சோதிக்கிறார்களா என்று கேட்கலாம். சிறுநீர் பிரிய வேறு மாத்திரை உண்பவர் அதைச் சொல்ல வேண்டும். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கே, அடுத்த ஊசிக்கு முன், சொல்லிவிட வேண்டும். அப்பா அந்த ஐந்தாம் வாரத்திலேயே வாய் திறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றுதான் மருத்துவர் சொன்னார். நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நுரையீரல் முழுவதும் ஆறியது. கண்ணை நம்பி நடக்கப் பழகி, மேலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நெய்தார். வைகாசியில் வரதராசர் கருட சேவை வரும் விடியற்காலையில், தெருவே திரண்டு நிற்கும்போது, அவரும் வாசலில் நாற்காலி போட்டு அமர்வார். தவில் நெஞ்சில் அதிர்கிறது என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாயனம் வாசிக்கிறாங்களா?" என்று கேட்பார்.