முகத்தின் நிறமும் தாளின் நிறமும்

ரயில்வேயில் சில பணிகளில் சேருவதற்கு நிறம் பிரித்தறியும் கண் பரிசோதனை உண்டு. சிவப்பும் பச்சையும் மாறினால் அங்கே உயிருக்கே ஆபத்து. புகைப்படத்தில் நிறம் மாறினால் அத்தகைய ஆபத்தில்லை. ஆயினும் ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர்க்கு அது சிறிய காரியமும் அன்று.

தம்பானூரில் எழுத்தராகப் பணியாற்றும் நாம், சென்ற ஆண்டு நம் குழந்தையின் படத்தைக் கடையொன்றில் அச்சிட்டுத் தென்காசியிலுள்ள அன்னையாருக்கு அனுப்பினோம். “பிள்ளை ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கா? காய்ச்சலா?” என்று வருந்தி அவர் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. மாநிறக் குழந்தையின் முகம் அச்சில் நீலம் பாய்ந்து வெளிறியிருந்தது. அதன்பின் மைத்தொட்டி அச்சுப்பொறி ஒன்று வாங்கி, வீட்டிலேயே அச்சிட்டு வருகிறோம்.

திரை தானே ஒளிவிட்டு நிறம் காட்டுவது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. எனவே இரண்டும் முற்றிலும் ஒத்திரா; நெருங்கி வரச் செய்யலாம். கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தில், நிறத்துக்கொரு கல்லாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக மை ஏற்றினார்கள். இன்றைய வீட்டு அச்சுப்பொறியும் நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு மைகளின் கலப்பால்தான் நிறம் காட்டுகிறது.

நம் போன்றோர் முகநிறம் பிசகுவது புதிதன்று. கோடாக் நிறுவனம் படநிலையங்களுக்கு அளித்த ‘ஷெர்லி அட்டை’யில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. நமக்கு அளவுகோல் நம் வீட்டு முகமே.

விலையுயர்ந்த அளவுக்கருவி இல்லாமலே செய்யத்தக்கவை இவை. திரையின் பிரகாசத்தை, அருகில் பிடித்த வெள்ளைத் தாளின் அளவுக்குக் குறைத்திடுக; இரவு நேர மஞ்சள் ஒளியை நிறுத்திடுக. அச்சிடும்போது தாளின் வகையைச் சரியாகக் குறிப்பிடுக. பளபளப்புத் தாளுக்கும் சாதாரணத் தாளுக்கும் மையின் அளவு வேறு. நிறத்தைச் சீர்செய்யும் பொறுப்பைப் படத்திருத்த மென்பொருளிடமோ அச்சுப்பொறியிடமோ ஒன்றிடமே விடுக. இரண்டும் தலையிட்டால் உப்பு இருமுறை விழுந்த குழம்பாகும்.

பின்னர், ஆறுக்கு நான்கு அங்குலத் தாள் ஒன்றில் அதே முகத்தைச் சிறிதாக நான்கு முறை, சிறு சிறு மாற்றங்களுடன் அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்தபின் பகலில் சன்னலருகே அந்த முகத்துக்குரியவரையே நிறுத்தி ஒப்பிடுக. குழல்விளக்கொளியை நம்பற்க. பொருந்திய அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அதே தாளையும் அதே மையையும் தொடர்ந்து பயன்படுத்துக. தாளோ மையோ மாறினால் சோதனையும் மீண்டும் வேண்டும். இவ்வூரின் ஈரக்காற்றில் தாளைத் திறந்து வைத்தலாகாது. அச்சிட்ட படத்தை வெயில் படும் சுவரில் மாட்டுவதும் கூடாது, மை மங்கிவிடும்.

ஒரு தாளின் செலவில் இத்தனையும் கைகூடும். கைப்பேசியைக் கையாள அறியாத முதியோருக்கு, நம் பிள்ளைகள் உள்ளபடியே சென்று சேர வேண்டாமா? அன்பர்கள் வரும் ஞாயிறன்றே முயன்று பார்ப்பார்களாக.