மீன் தொட்டியும் அதன் வெப்பமும்

வீட்டிலே கண்ணாடித் தொட்டியமைத்து நன்னீர் மீன் வளர்த்தல் பலர்க்கும் உவப்பானதொரு பொழுதுபோக்காக விளங்குகின்றது. நமது கலாசாலையிற் பயின்ற காலத்தே அப்பழக்கத்தை மேற்கொண்ட யாம், உத்தியோகத்தின் பொருட்டு உதகமண்டலத்திற் குடியேறி 12 ஆண்டுகள் கழிந்தும் அதனைக் கைவிடவில்லை. ஆயினும், சமவெளியில் யாம் ஒருநாளும் எண்ணிப் பாராத ஒரு விஷயம் இம்மலையில் எமக்கு நாள்தோறுங் கவலை தருவதாயிற்று. அது தொட்டி நீரின் வெப்பமே. அதுபற்றி எமது அனுபவத்திற் கண்டவற்றுட் சிலவற்றை மாணவ நண்பர்க்கு ஈண்டு உரைக்க விரும்புகின்றோம்.

“மீனுக்கு வெந்நீரோ?” என்று சென்னை நண்பர் எம்மைக் கண்டு நகைப்பதுண்டு. அவர் நகைப்பதில் வியப்பில்லை. அலங்கார மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் மீன் வாங்கிச் செல்வோர்க்கு, மார்கழி மாதத்து இரவிலுங் குளிர் ஒரு பொருட்டாவதில்லை. அங்குப் பெரும்பாலும் 20 டிகிரி செண்டிகிரேடுக்கு மேலேயே வெப்பம் நிற்கும். உதகையோ கடல் மட்டத்தினின்று ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களிற் புல்லின்மேல் உறைபனி வெள்ளென்று படியும். அக்காலத்து விடியற்பொழுதில் எமது வீட்டு முன்னறையில் 13 அல்லது 14 டிகிரியே இருக்கும்.

மீனுக்கு நம்மைப்போல் உடலினுள்ளே நிலையான சூடு இல்லை. நீர் எவ்வளவு வெம்மையோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் உடலுமாம். நீர் குளிர்ந்தால் அதன் சீரணம் தளரும், அசைவு குன்றும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும். குளிர் தாக்கிய மீன்களை வெண்புள்ளி நோய் எளிதிற் பற்றுவதை வளர்ப்போர் அறிவர். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குரிய ஏஞ்சல் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 வரை வேண்டும். பேராற்றிலே பகலும் இரவும் மாறினும் நீரின் வெப்பம் திடீரென மாறுவதில்லை. நீரின் மிகுதியே அங்குக் காவலாக நிற்கின்றது. எமது 120 லிட்டர்த் தொட்டிக்கு அக்காவல் இல்லை. ஆதலின், ஆற்றுக்குரிய உயிரைத் தொட்டியில் வைப்பவர் ஆறு செய்த காவலைத் தாமே செய்யக் கடமைப்பட்டவராகின்றார்.

அக்காவலுக்குத் துணையாவதே ஹீட்டர் என வழங்குங் கருவி. மின்சாரம் பரவுமுன்னர் ஐரோப்பியர் தொட்டியின் அடித்தளத்தை உலோகத் தகட்டால் அமைத்து, அதன்கீழ் விளக்கேற்றி நீரைச் சூடாக்கினர். இக்காலத்து ஹீட்டர் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே வெப்பந் தருங் கம்பிச் சுருளும், அதனை அளவில் நிறுத்துந் தெர்மோஸ்டாட்டும் உள்ளன. பல கருவிகளில் அத்தெர்மோஸ்டாட் வேறொன்றுமன்று. பௌதிக வகுப்பிலே ஆசிரியர் நமக்குக் காட்டிய இரட்டை உலோகத் தகடே. சூடேறுங்கால் ஓர் உலோகம் மற்றதினும் மிகுதியாய் நீளுதலால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. குளிருங்கால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கின்றது.

எவ்வளவு ஆற்றலுள்ள ஹீட்டர் வேண்டும்? லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொது வழக்கு. குளிர்ந்த இடங்களிற் சற்று மிகுதியாக வேண்டும். 120 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 5 இலட்சம் ஜூல் வெப்பந் தேவை. 150 வாட் ஹீட்டர் அதனைத் தருவதற்கு, வெளியே சிறிதும் இழப்பில்லை எனக் கொள்ளினும், 56 நிமிடஞ் செல்லும். அத்துணை மெதுவாகச் சூடேறுதல் குறையன்று, நன்மையே. யாம் 150 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்காது, 75 வாட் ஹீட்டர் இரண்டை வாங்கித் தொட்டியின் இரு முனைகளிலும் பொருத்தினோம். கடைக்காரர் அதனை வீண் செலவென்றே கருதினார்.

அச்செலவின் பயன் மூன்றாம் ஆண்டிற் புலனாயிற்று. தை மாதத்து நண்பகலொன்றில், 25 டிகிரியில் நிற்கவேண்டிய நீர் 28 டிகிரியில் நிற்பதைத் தெர்மாமீட்டர் காட்டியது. ஒரு ஹீட்டரின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, மின்சாரம் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. 18 டிகிரி வெப்பமுள்ள அறையில், 75 வாட் ஆற்றல் எமது தொட்டியை அதற்குமேற் சூடாக்க இயலாதாயிற்று. ஒரே 150 வாட் கருவி அவ்வாறு ஒட்டியிருப்பின், நீர் 35 டிகிரியையுங் கடந்து, ஏஞ்சல் மீன் நான்கும் மாண்டிருக்கும். பழுதுற்றதை அகற்றிப் புதியதொன்றை வைத்தோம். நாள்தோறுங் காலையும் மாலையும் தெர்மாமீட்டரை நோக்கும் வழக்கத்தின் அருமை அன்று எமக்கு நன்கு விளங்கிற்று.

அடுத்த மார்கழியில் வேறொரு சோதனை நேர்ந்தது. அப்போது ஏஞ்சல் மீன் இணையொன்று அகன்ற இலையில் முட்டையிட்டிருந்தது. தாயுந் தந்தையும் இரவும் பகலும் அவ்விலையை நீங்காது, துடுப்புகளால் முட்டைகளின்மேல் நீரை விசிறிக்கொண்டிருந்தன. புயற்காற்றால் மரம் வீழ்ந்து, மாலை 7 மணிக்கு மின்சாரம் நின்றது. காலை 5 மணிக்கே மீண்டது. யாம் தொட்டியின் நாற்புறமுங் கம்பளி சுற்றினோம். பேட்டரியில் ஓடுங் காற்று பம்பினை இயக்கினோம். வெந்நீர் நிரப்பி நன்கு மூடிய புட்டிகளை நீரில் மிதக்கவிட்டு, ஆறியபோதெல்லாம் மாற்றினோம். வெந்நீரை நேரே தொட்டியில் ஊற்றவில்லை. திடீர் மாற்றங் குளிரினுந் தீங்கு பயப்பது. பத்து மணி நேரத்தில் நீர் 25 டிகிரியினின்று 22 டிகிரிக்கே இறங்கியது. மீன்கள் யாவும் பிழைத்தன. முட்டைகள் பிழைக்கவில்லை, மூன்றாம் நாள் அவை வெளுத்துப் பூஞ்சை படிந்தன. அதன் பின்னும் ஒரு பகல் முழுதும் அவ்விரு மீன்களும் அவ்விலையை விசிறிக்கொண்டிருந்ததை யாம் இன்னும் மறந்திலேம்.

ஹீட்டரைக் கையாள்வோர் நினைவிற் கொள்ளத்தக்க சில குறிப்புகளும் உண்டு. நீரை மாற்றுமுன் மின்சாரத்தை நிறுத்திக் கால் மணி நேரம் பொறுத்தல் வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே நின்று மீண்டுங் குளிர்நீர் படின் வெடிக்கும். மின்கம்பி சுவரிலுள்ள பிளக்கிற்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறுமாறு அமைத்தால், கம்பிவழி வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நீர் ஓடும் இடத்தில் ஹீட்டரை வைத்தால் வெப்பம் எங்கும் பரவும். வெப்பத்தை வேண்டுமளவினும் மிகுத்தலும் ஆகாது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும் நன்னீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே கொள்ளும்.

இவ்வனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஹீட்டரைத் தேர்வதற்கு முன் மீனைத் தேர்தல் வேண்டும். தங்கமீன் குளிர்நீரில் நன்கு வாழும். நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்குரியதும், மிஸ் கேரளா என வழங்குவதுமாகிய செங்கோட்டு மீனும் குளிர்ந்த ஓட்ட நீரையே விரும்பும். எம்மிடத்துள்ள ஏஞ்சல் மீன்கள் தம் வாழ்நாளைக் குறைவின்றிக் கழிக்கும்வரை இரு ஹீட்டர்களும் எரிந்துகொண்டிருக்கும். அதன்பின் இவ்வூரின் சீதோஷ்ணத்திற்கு இயைந்த மீன்களையே வளர்ப்பதென்று யாமும் எம் இல்லத்தாருந் துணிந்துள்ளோம். முட்டையை விசிறி நின்ற அவ்விணைக்கு மற்றுமோர் இருளிரவை வைக்க எமக்கு மனமில்லை.

மீன் வளர்க்க விரும்பும் இளைஞர்க்கு யாம் கூறுவது இதுவே: முதலில் ஒரு தெர்மாமீட்டரை வாங்குங்கள், மீனில்லாத தொட்டியில் அதனை இட்டு, நும் அறையின் நீர் இரவிலும் பகலிலும் எவ்வளவு ஏறி இறங்குகின்றதென்று ஒரு வாரங் குறித்துப் பாருங்கள். எந்த மீன் நும்மோடு வாழத் தக்கதென்பதை அக்குறிப்பே நுமக்குத் தெரிவிக்கும்.