கனவுக்குப் பலன் சொல்லாதீர்கள்

பிரிட்டனில் உயர்கல்வியின் காலனிய நீக்கம் பற்றி ஒரு கூட்டம் போட்டால், யார் என்ன பேசுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 2015 ஏப்ரல் 9 அன்று காலனிய ஆட்சியாளர் செசில் ரோட்ஸின் சிலையை அகற்றினார்களே, அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். பாடத்திட்டத்தில் எத்தனை வெள்ளையர் என்று கணக்கெடுப்பார்கள். கடைசியில் பேராசிரியர் பேசுவார்; மாணவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைவார்கள்.

அலுத்துப்போய்த்தான், பலர் கூடித் தங்கள் கனவுகளைப் பகிரும் கனவுக் கூடுகைக்கு வந்தேன். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தில் கார்டன் லாரன்ஸ் 1982இல் தொடங்கிய முறை இது. (காலனிய நீக்கத்துக்கும் லண்டன் சரக்குதானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.) ஹிட்லர் ஆட்சியில் மக்கள் கண்ட கனவுகளை ரகசியமாகத் திரட்டி, சார்லட் பெராட் 1966இல் நூலாக்கினார். வீட்டுச் சுவர்களெல்லாம் மறைந்துபோனதாக ஒரு மருத்துவர் கண்ட கனவு அதில் உண்டு. கனவில் ஊரும் பேசுகிறது என்ற லாரன்ஸின் எண்ணத்துக்கு அந்த நூலும் ஒரு தூண்டுதல்.

இப்போது கூடுகையை நானே நடத்துகிறேன். நாற்காலிகளைப் பனித்துகள் வடிவில் போடுவேன், முகத்துக்கு நேர் முகம் வராதபடி. “முதல் கனவு எது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு மாணவியின் கனவை, அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். தேர்வுக்கூடம். வினாத்தாள் பாட்டியின் கையெழுத்தில் இருக்கிறது. இவருக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “எங்கள் பாட்டிக்கு எழுதவே தெரியாது.” அடுத்து மூத்த ஆசிரியர் ஒருவர் தன் கனவைச் சொன்னார்: அவர் அறைப் புத்தகங்கள் அத்தனையும் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன, எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

நம்மிடம் கனவைச் சொன்னால் உடனே பலன் கேட்போம், சொல்வோம். இங்கே அது கூடாது. பலன் சொல்ல நாக்கு துடிக்கும். அதை அடக்குவதுதான் இந்த வேலையில் பாதி. அடக்கினால் அடுத்த கனவு வரும். அந்தப் பாட்டியின் அறிவுக்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் உண்டு என்ற கேள்வி, பின்னால் நடந்த கலந்துரையாடலில் தானாக எழுந்தது. கேட்டவர் அந்த மூத்த ஆசிரியர்.

கனவு சொல்லிப் பாடத்திட்டம் மாறாது. அதற்குக் குழுவும் நியமனமும் பணமும் வேண்டும். அவற்றைத் தட்டிக்கழிக்கச் செலவில்லாத சடங்காக இதைக் கேட்கும் நிர்வாகங்களுக்கு நான் போவதில்லை.

நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் போடுபவர் முன்னால் மாணவர்கள் கனவைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் வகுப்புக்கு வெளியாள் ஒருவரைக் கூப்பிடுங்கள்.