காருக்கு விக்கல்!

அப்பாவின் செல்லக் கார். இன்ஜெக்‌ஷன் மாடல். வயசு இருபத்தஞ்சு. முழுசா அழுத்தினால் பறக்கும். டிராஃபிக்கில் லேசாக மிதித்தாலோ, குலுங்கிக் குலுங்கி ஒரே விக்கல்!

ஒர்க்‌ஷாப்பில், "கம்ப்யூட்டர் போச்சு சார், மாத்தணும்" என்றார்கள். தொகையைக் கேட்டதும் எனக்கு விக்கல்.

"வித்துடுடா..." என்றார் அப்பா. குரலில் சுரத்தே இல்லை.

தெருமுனை எலக்ட்ரீஷியன் பழைய முள் மீட்டரோடு வந்தார். "த்ராட்டில் சென்சார்னா, ரேடியோ வால்யூம் குமிழ் மாதிரிதான் தம்பி. உள்ளே 5 வோல்ட் போகும். மிதிக்காதப்போ சுமாரா அரை வோல்ட் திரும்பி வரும், முழுசா மிதிச்சா நாலரை. நடுவுல சீரா ஏறணும்."

பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, மெல்ல மிதித்தேன். முள் ஏறியது... ஒரு வோல்ட் பக்கம் தொபுக்கென்று விழுந்து எழுந்தது! தினமும் உரசுகிற அந்த இடத்தில் உள்ளே கார்பன் தடம் தேய்ந்துவிட்டதாம். காலை எடுத்துவிட்டோம் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்திருக்கிறது. பாவம், அது நிரபராதி!

சென்சாரை மட்டும் மாற்றினோம். விற்கிற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவே இல்லை.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, பர்ஸைத் திறக்கும் முன் மீட்டரை வையுங்கள். முள் மீட்டராகவே இருக்கட்டும். கண் சிமிட்டும் நேரத்துச் சறுக்கலை டிஜிட்டல் மீட்டர் சமயத்தில் கோட்டை விட்டுவிடும்!