ஊன்றிய கால்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளுக்கு விடியற்காலையில் தனி மணம். உப்புக்காற்று, பேக்கரியில் அப்போதுதான் இறக்கிய பாணின் வாசம், எங்கள் விறாந்தையில் இருந்து அப்பப்பா முழங்காலில் தேய்க்கும் நல்லெண்ணெய், எல்லாம் ஒன்றாய்க் கலந்து வரும். அந்த நேரத்தில்தான் எனக்கு விருட்சாசனப் பாடம் நடக்கும்.

அப்பப்பா கண்டிக் கச்சேரியில் வேலை பார்த்தவர். 1950களில் சுவாமி சச்சிதானந்தர் கண்டியில் தபோவனம் நடத்தியபோது அங்கே போய் ஆசனம் பழகியவர். 1969இல் அமெரிக்காவில் வூட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசியது அதே சுவாமிதான் என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருப்பவரின் தேத்தண்ணி ஆறிப்போகும்.

பாய் விரிக்க விடமாட்டார். வெறுஞ் சிமெந்து நிலம். "பெருவிரலடி, சின்னவிரலடி, குதி, மூண்டிலையும் பாரம் இருக்கோணும் பிள்ளை" என்றபடி என் மற்றக் காலைத் தூக்கி உள்தொடையில் பதிய வைப்பார். முழங்கால் மூட்டில் மட்டும் அமர்த்த விடமாட்டார், பக்கவாட்டுப் பாரத்தை மூட்டு தாங்காது. பிறகு கண். எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு உரிந்து மிளகளவில் ஒரு புள்ளி இருந்தது. பார்வை அதைவிட்டு அசையக்கூடாது. அந்த நேரம் பார்த்துக் கடற்கரைத் தண்டவாளத்தில் கோட்டைக்குப் போகிற கோச்சி வரும். யன்னல் கண்ணாடி அதிர, குசினியில் அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவுகிற சத்தம் அதற்குள் அமுங்க, என் கண் கோச்சிக்குப் பின்னால் போகும், கண் போன கையோடு காலும் போகும். கோச்சிதான் என்னைத் தள்ளிவிடுகிறது என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

கொஞ்சம் நிற்க வந்ததும் கண்ணை மூடச் சொன்னார். உடனே தள்ளாட்டம். கண்ணும் உட்காதும் பாத உணர்வும் சேர்ந்துதான் உடம்பை நிமிர்த்தி வைத்திருக்கின்றன, ஒன்றை எடுத்தால் மற்றவைக்கு வேலை கூடும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது கணுக்கால் எரிவு மட்டும். களைத்துக் குந்தியிருந்து அப்பப்பாவின் பாதத்தைக் கிட்டப் பார்த்தேன். அசையாமல் நிற்கிறார் என்று நான் நினைத்த மனுஷனின் கணுக்கால் நரம்புகள் ஓயாமல் எழும்பி எழும்பி அடங்கின. விரல்கள் நிலத்தைப் பற்றுவதும் விடுவதுமாய் இருந்தன. முகத்தில் அதன் சுவடே இல்லை. ஆட்டம் வந்தால் பயப்படுவதை அதோடு விட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் பஸ் ஏறுவோம், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கோயில். வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் குளிரும். ஒருநாள் நடராசர் முன்னால் கும்பிட்டபடியே அப்பப்பா காதுக்குள் சொன்னார்: "தூக்கின காலைப் பாக்காதை. ஊண்டின காலைப் பார். முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்கு, தெரியுதோ?"

தெரிந்தது. நானோ அதுவரை முழங்காலை விறைத்துக்கொண்டே நின்றிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தும் இருக்கவில்லை. கம்பியைப் பிடிக்காமல், முழங்காலை இளக்கிக்கொண்டு, கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை நின்றே வந்தேன். அப்பப்பா கண்டக்டரைக் கூப்பிட்டு, "என்ரை பேரப்பிள்ளை, பாரும்" என்றார்.